சயாமுக்குப் போனவர் பெயர் எங்கே?

பேரிடர் நேர்ந்த அன்றைக்கு ஓடிவந்து அழுவது எளிது. ஆண்டொன்று கழிந்தபின் அதே வீட்டுத் திண்ணைக்குப் போய், "அடுப்பு எரிகிறதா? பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா?" என்று கேட்பதுதான் அரிது. வெள்ளம் வந்தாலும், லயம் தீப்பற்றினாலும், மலை சரிந்தாலும், முதல் வாரம் முழுதும் நம்மவர் கண்ணீர் ஆறாய்ப் பெருகும். உண்டியல் குலுங்கும், பழந்துணி மூட்டை மூட்டையாய்ச் சேரும், பிரமுகர்கள் அரிசி மூட்டையின்மேல் கைவைத்தபடி படம் பிடித்துக்கொள்வார்கள். மறுவாரம் வேறொரு செய்தி வரும். கூட்டம் அங்கே போகும். அடிபட்ட ஜனங்கள் மட்டும் அடிபட்ட இடத்திலேயே கிடப்பார்கள். இதற்கு நம்மவர் இட்டுள்ள பெயர் இரக்கம். இது இரக்கமன்று, வேடிக்கை பார்த்தலே என்பது நமது கட்சி.

இக்கட்சியை நிலைநாட்ட வேற்று நாட்டு உதாரணம் தேடிப் போக வேண்டுவதில்லை. மலாயாத் தமிழர் சமூகத்தின் தலையில் விழுந்த இடிகளிலெல்லாம் பெரிய இடி எது? சயாம்–பர்மா ரயில் பாதை. "மரண ரயில்" என்று சொன்ன மாத்திரத்தில் எல்லோரும் உச்சுக்கொட்டுகிறார்கள். நல்லது. அதில் மாண்ட தமிழருள் நூறு பேரின் பெயரைச் சேர்ந்தாற்போல் சொல்ல வல்லவர் நம்மில் எத்தனை பேர்? பத்துப் பெயர்? பெயர் சொல்லத் தெரியாத துக்கம் என்ன துக்கம்?

நடந்தது இன்னதென்று சுருங்கக் கூறுவோம். ஜப்பானிய ராணுவம் சயாமையும் பர்மாவையும் இணைக்க, பான்போங் அருகிலிருந்து தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு ரயில் பாதை போட்டது. 1942ஆம் ஆண்டின் நடுவில் வேலை தொடங்கிற்று. இருபுறமிருந்தும் வந்த தண்டவாளங்கள் 1943 அக்டோபர் 17ஆம் நாள் கொன்கோய்தா என்னுமிடத்தில் சந்தித்தன. மலை, காடு, ஓயாத மழை ஆகிய இவற்றினூடே, பெரும்பாலும் மண்வெட்டியும் கூடையும் சம்மட்டியும் கொண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் முடிக்கப்பட்ட பாதை அது. வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் அங்கே வேலை வாங்கப்பட்டனர். அவர்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், தமிழர் என ஆசியத் தொழிலாளரோ அவர்களைப் போல் மும்மடங்குக்குக் குறையாதவர். அவர்களுள் மாண்டோர் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர்.

அவர்கள் எவ்வாறு போயினர்? முதலில் ஆசை காட்டினர். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சோறு, தங்க வீடு, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றனர். போர்க்காலத்தில் பால்வெட்டு நின்று, அரிசி அற்று, மரவள்ளிக் கிழங்கில் உயிர் வைத்திருந்த ஏழை அதை நம்பியதில் வியப்பென்ன? போனவன் திரும்பக் காணாமையால் ஆள் சேர்வது குறைந்தது. அதன்பின் பலவந்தம் வந்தது. இத்தனை தலை வேண்டுமென்று தோட்டத்துக்குத் தோட்டம் கணக்கு விதித்தனர். இலவசப் படக்காட்சி என்று அழைத்து, கூடியவர்களை அப்படியே வளைத்து லாரியில் ஏற்றினர் என்று தப்பி வந்தவர்கள் சொல்லிச் சென்றிருக்கின்றனர். சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டி வண்டிகளில் நாட்கணக்கில் அடைபட்டு, பான்போங்கில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தவர் அநேகர். 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது. கைதிகளின் முகாம்களில் கைதிகளான மருத்துவர்களேனும் இருந்தனர். நம்மவர் முகாம்களில் அதுவும் அரிது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அனுப்புவதற்குப் பட்டியல் இருந்தது! எந்த லயத்தில் எத்தனை ஆண்பிள்ளை, எவனுக்கு வயது பதினெட்டு, எவன் திடகாத்திரன் என்பதெல்லாம் காலைப் பெரட்டில் பெயர் வாசிக்கும் கிராணிக்குத் தெரியும், கங்காணிக்குத் தெரியும். மாண்டபோதுதான் பட்டியல் இல்லாது போயிற்று. போருக்குப்பின் அதிகாரிகள் தொகுத்த கணக்கொன்று, மலாயாவிலிருந்து போனவர் 78,000 பேருக்கு மேல் என்கிறது. அவர்களில் மாண்டவர் 30,000 பேர் அளவு என்கிறது. "ஓடிப்போனவர்" 20,000 பேருக்கு மேல் என்கிறது. ஓடிப்போனவராம்! எங்கே ஓடினர்? வழி தெரியாத காட்டில், பாஷை தெரியாத தேசத்தில், பேதியும் மலேரியாவும் உடம்பைத் தின்னும்போது எவ்வளவு தூரம் ஓடினர்? ஊர் சேர்ந்தவர் சிலர். சயாம் கிராமங்களில் தஞ்சம் புகுந்து அங்கேயே தங்கிவிட்டவர் சிலர். ஏனையோர் மரத்தடியில் விழுந்தவர்களே என்று ஊகிப்பதற்குப் பெரிய புத்தி வேண்டுவதில்லை. சாவைக்கூடச் சாவென்று எழுதாமல் ஓட்டமென்று எழுதிய கணக்கு அது. அதை எதிர்த்துக் கேட்க நம்மிடம் மறுகணக்கு இல்லை. நம் சமூகத்தின் முதற் குறை இதுவே.

வெள்ளைக்காரக் கைதிகளைப் பாருங்கள். அவர்களும் பட்டினி கிடந்தனர், அடியுண்டனர், எலும்பும் தோலுமாயினர். அத்துன்பத்தை நாம் குறைத்துப் பேசோம். ஆயினும் அவர்களுக்குள் அதிகாரி இருந்தான். எழுதத் தெரிந்தவன் இருந்தான். பிடிபட்டால் தலை போகும் என்று தெரிந்தும் நாட்குறிப்பு எழுதி மூங்கிற் குழாயிலும் மண்ணிலும் ஒளித்தனர். இன்னார் இன்ன நாளில் இன்ன முகாமில் இறந்தார், இன்ன இடத்தில் புதைத்தோம் என்று குறித்து வைத்தனர். போர் முடிந்ததும் அக்குறிப்புகளை வைத்துக்கொண்டு பாதை நெடுகச் சென்று உடல்களைத் தோண்டியெடுத்து, காஞ்சனபுரியிலும் சுங்கையிலும் தான்பியூசாயாட்டிலும் அடக்கம் செய்தனர். காஞ்சனபுரிக் கல்லறையில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் துயில்கின்றனர். புல் வெட்டப்படுகிறது, பூச்செடி நீரூட்டப்படுகிறது, அடையாளம் தெரிந்தவர் ஒவ்வொருவர் தலைமாட்டிலும் பெயர் இருக்கிறது. 1990ஆம் ஆண்டில் அதே காஞ்சனபுரியில் நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கக் கண்டார்கள். ஆசியத் தொழிலாளருடையவை என்று தீர்மானித்தார்கள். யாருடையவை என்று சொல்ல ஆளில்லை.

நம்மவர் முகாம்களின் நிலை இன்று ஓரளவேனும் தெரிகிறதென்றால், அதுவும் பிறர் எழுத்தினாலேயாம். 1943இன் நடுவில் சிங்கப்பூரிலிருந்து கைதி மருத்துவர்களும் சிப்பந்திகளும் அடங்கிய இரண்டு குழுக்களைத் தொழிலாளர் முகாம்களுக்கு ஜப்பானியர் அனுப்பினர். அவர்கள் எழுதி வைத்த குறிப்புகள் இல்லையேல் அவ்விருள் இன்னும் அடர்ந்திருக்கும். நம் துக்கத்துக்கும் அந்நியர் பேனாவே கதி என்பது பெருமையா?

உலகம் இந்தப் பாதையை மறந்துவிட்டதென்று எவரேனும் சொன்னால் அது பொய். உலகம் நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறது. நம்மை மட்டும் நீக்கிவிட்டு நினைவில் வைத்திருக்கிறது. குவாய் நதிப் பாலத்தைப் பற்றி 1952இல் பிரெஞ்சு நாவல் எழுதிய பியேர் பூல், போருக்கு முன் மலாயா ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர்; தமிழ்த் தொழிலாளியை நாள்தோறும் கண்டவர். அவர் கதையின் நாயகனோ ஆங்கிலத் தளபதி. 1957இல் அது திரைப்படமாயிற்று, இலங்கைக் காட்டில் பாலம் கட்டிப் படமெடுத்தனர், பரிசுகள் குவிந்தன. அப்படத்தைப் பார்த்தவன் அந்தப் பாதையில் தமிழன் ஒருவன் மண் சுமந்தான் என்று கனவிலும் எண்ணமாட்டான். பூலைக் குறைகூறி என்ன பயன்? அவர் தம் கதையை எழுதினார். நம் கதையை நாம் எழுதவேண்டும். ஆர். சண்முகம் 1993இல் "சயாம் மரண ரயில்" என்னும் நாவலைத் தந்தார். அ. ரெங்கசாமி "நினைவுச்சின்னம்" தந்தார். பாதை முடிந்த 1943க்கும் அந்த 1993க்கும் இடையே ஐம்பது ஆண்டுகள். அவ்வைம்பதாண்டில் நம்மவர் வெளியிட்ட வாழ்த்து மலர்களையும், தலைவர்மார் பிறந்தநாள் மலர்களையும் அடுக்கினால் ஒரு பாலமே கட்டலாம்!

விலைக் கணக்கையும் பார்ப்போம். 1946ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் சர்க்கார் அந்தப் பாதையைச் சயாம் சர்க்காருக்கு 12,50,000 பவுனுக்கு விற்றது. தண்டவாளத்துக்கும் கட்டைக்கும் விலை கிடைத்தது. 1951ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில் 16ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஜப்பானிடம் கைதியாயிருந்து துன்புற்ற நேசநாட்டுப் படையினருக்கு நிவாரணம் தர அது வகைசெய்தது. படையினருக்கு! மண்வெட்டி பிடித்தவன் படையினன் அல்லவே. 1967 செப்டம்பர் 21ஆம் நாள் மலேசியாவும் ஜப்பானும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 2 கோடியே 50 இலட்சம் வெள்ளி பெறுமான பொருளும் சேவையும் வந்தன. அவை கப்பலாக வந்தன. கப்பல் கடலில் ஓடிற்று. தோட்டத்து விதவையின் வாசலுக்கு ஒரு காசும் வரவில்லை. ஏன் வரவில்லை? கொடுப்பவன் வஞ்சகம் ஒருபுறம் இருக்க, "இன்னார் மனைவி நான், இன்ன தோட்டத்திலிருந்து இன்ன மாதம் என் கணவர் போனார்" என்று நிரூபிக்க அவளிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அதை அவளுக்காக எழுதிவைக்க நம் சங்கங்களுக்கு நேரம் இல்லை.

இடர்ப்பட்ட சமூகம் என்றால் மாண்டவர் மட்டும் என்று எண்ணுதல் பெரும்பிழை. மாண்டவர் துன்பம் முடிந்தது. முடியாத துன்பம் லயங்களில் இருந்தது. ஆண்பிள்ளை அற்ற வீடுகள்; ஆயாக்கொட்டகையில் வளர்ந்து அப்பன் முகம் அறியாத பிள்ளைகள்; தாலியைக் கழற்றுவதா, வைத்திருப்பதா என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வாசலைப் பார்த்திருந்த பெண்கள். அவளைச் சுமங்கலி என்றும் சொல்லவில்லை, விதவை என்றும் சொல்லவில்லை நம் ஊர். நல்ல காரியத்துக்கு முன்னே வராதே என்று மட்டும் சொல்லிற்று. சயாம் காட்டில் ஜப்பானியன் செய்த கொடுமையைப் பேசுவோர், இந்த வாசலில் நம்மவர் செய்த கொடுமையையும் பேசவேண்டும்.

இனி, மறதிக்கு வக்காலத்து வாங்குவோரின் வாதங்களைப் பார்ப்போம்.

"எல்லாம் தலைவிதி" என்பார் ஒருசாரார். விதியாம்! அரிசி கொடாமல் விட்டது விதியா? ஆள்கணக்கு விதித்த ஆணை விதியா? மழையில் கூரையில்லாக் கொட்டகையில் படுக்கவைத்தது விதியா? இவை ஒவ்வொன்றையும் செய்த மனிதன் உண்டு. அவனுக்குப் பதவி உண்டு. அவன் கையெழுத்து உண்டு. விதியின்மேல் பழிபோடுகிறவன் குற்றவாளியை விடுதலை செய்கிறான்; அடுத்த குற்றவாளிக்கு வழியும் செப்பனிட்டுக் கொடுக்கிறான்.

"பழம்புண்ணைக் கிளறுவானேன்? ஜப்பான் இன்று நட்புநாடு அல்லவா?" என்பார் மற்றொரு சாரார். இன்றைய ஜப்பானியன்மேல் நமக்குப் பகை இல்லை. அவன் பேரப்பிள்ளையின்மேலும் இல்லை. பெயரெழுதுவது பகையாகாது. ஆங்கிலேயரும் ஆஸ்திரேலியரும் தம் கல்லறைகளைப் பேணிக்கொண்டே ஜப்பானோடு வாணிகமும் நட்பும் நடத்துகின்றனர். தன் தகப்பன் பெயரைச் சொன்னால் நட்புக் கெடும் என்று அஞ்சுகிறவனுக்கு வேண்டியது நட்பன்று, முதுகெலும்பு.

மூன்றாவது சாரார் வாய்விட்டுச் சொல்வதில்லை, மனத்தில் வைத்திருப்பர். இவர்கள் பட்டணத்துப் பெரிய மனிதர். தோட்டத்துக் கூலியின் சாவு அவர்களுக்குப் பெருமையான சரித்திரமாய்த் தோன்றுவதில்லை. சான்று வேண்டுமா? 1943 அக்டோபர் 21ஆம் நாள் சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசாங்கத்தைப் பிரகடனம் செய்தார். அந்நாளின் படம் நம் மன்றங்களில் மாட்டியிருக்கிறது, நினைவுகூர்கின்றனர், நன்று, நினைவுகூரத்தக்கதே. அதற்கு நான்கே நாள் முன்பு, அக்டோபர் 17இல், கொன்கோய்தாவில் கடைசித் தண்டவாளம் பொருத்தப்பட்டது. அந்த நாளை எந்த மன்றம் கொண்டாடவேனும், அழவேனும் செய்கிறது? ரயிலுக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்று அஞ்சிப் படையில் சேர்ந்த தோட்டத்து வாலிபரும் உண்டு. ஒரே லயத்து அண்ணன் தம்பியருள், கொடி பிடித்த தம்பிக்குப் படம் உண்டு. கூடை பிடித்த அண்ணனுக்குப் பெயரும் இல்லை. இது நியாயமா என்று கேட்கிறோம்.

தமிழருக்கு மாண்டாரை நினைக்கும் முறை தெரியாதா? தெரியும். தொல்காப்பியம் நடுகல்லுக்கு இலக்கணம் வகுத்தது: கல்லைக் காணல், எடுத்தல், நீராட்டல், நடுதல், படைத்தல், வாழ்த்தல் என ஆறு நிலை. கல்லில் பெயரும் செயலும் பொறிப்பது நம் முன்னோர் வழக்கம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கள்ளரோடு பொருது மாண்ட வீரனோடு, அவனுடைய நாயின் உருவத்தையும் அதில் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும் பொறித்திருக்கின்றனர். பதின்மூன்று நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. தோழர்களே, நாயின் பெயரையும் கல்லில் எழுதிய இனம், எண்பது ஆண்டுக்கு முன் மாண்ட தன் பாட்டன்மாரின் பெயரை ஏட்டிலும் எழுதவில்லை! இதைவிடக் கடிய சொல் நம்மிடம் இல்லை.

காஞ்சனபுரியில் 1944ஆம் ஆண்டிலேயே ஜப்பானியர் ஒரு நினைவுத்தூண் எழுப்பினர். மாண்டோருடைய மொழிகளில் வாசகம் பொறித்த அதன் பலகைகளில் தமிழும் உண்டு. கொன்றவன் வைத்த கல்லில் நம் மொழி இடம்பெற்றதே, நாமே வைத்த கல் எங்கே என்று பல காலம் கேட்கவேண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டு மலேசிய ஆர்வலர் சிலர் முயன்று, காஞ்சனபுரிப் பௌத்த ஆலயமொன்றில் தமிழருக்கென நடுகல் நாட்டினர். அவர்களை வாயார வாழ்த்துகிறோம். ஆனால் எச்சரிக்கையும் செய்கிறோம்: கல் நாட்டியாயிற்று, கடமை தீர்ந்தது என்று சுற்றுலா வண்டியேறிப் போய்ப் படம் பிடித்துத் திரும்பினால், அது பெயரில்லாக் கல்லாகவே நிற்கும். கல்லைச் சிலர் நட்டனர். பெயரை எல்லோரும் கொண்டுவர வேண்டும்.

காலம் குறைவு. அன்று பதினைந்து வயதுச் சிறுவனாய்ப் போய் மீண்டவர் இன்று இருந்தால் தொண்ணூற்றைந்தைத் தாண்டியிருப்பார். அப்பா சயாமில் போனார் என்று அம்மா வாயிலாகக் கேட்ட பிள்ளைகளும் முதுமை எய்திவிட்டனர். தோட்டங்களும் இல்லை, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது, லயங்களை இடித்தபோது ஊரின் ஞாபகமும் சிதறிற்று. இன்று கேளாவிட்டால் நாளைக் கேட்க ஆளிராது.

ஆகையால் ஒவ்வொரு குடும்பமும் செய்யவேண்டுவது இது. பள்ளிக்கூட நோட்டு ஒன்று எடுங்கள். போனவர் பெயர், தகப்பனார் பெயர், தோட்டத்தின் பெயர், போன ஆண்டும் மாதமும், உடன் போனவர், திரும்பியவர், திரும்பாதவர் ஆகியவற்றை எழுதுங்கள். வீட்டில் நின்ற பெண்ணின் பெயரையும் எழுதுங்கள். பாதையின் பாரத்தை அவளும் சுமந்தாள். நாள் தெரியாவிடில், "மழைக்கு முன்பு" என்று பாட்டி சொன்னதையே எழுதுங்கள். சாதியை எழுதவேண்டா, வாந்திபேதி அதை விசாரிக்கவில்லை. பழைய தோட்டப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடோ கோயில் வரிப்புத்தகமோ எங்கேனும் செல்லரிக்காமல் மிஞ்சியிருந்தால், அதைப் பத்திரப்படுத்துங்கள். தோட்டத்தார் சொல்ல, பட்டணத்துப் படித்தவர்கள் எழுதட்டும். பிரதியெடுத்து நூல்நிலையத்திலும் தேசிய ஆவணக் காப்பகத்திலும் சேர்க்கட்டும். ஆசிரியர்கள் இதை மாணவருக்குப் பாடமாய் இடட்டும். மன்றங்கள் அக்டோபர் 17இல் கூடட்டும். அன்று தலைவருரை வேண்டா, பொன்னாடை வேண்டா. சேர்ந்த பெயர்களை, ஒன்றுவிடாமல், உரக்க வாசித்தால் போதும். நூறு பெயரானால் நூறு. ஆயிரமானால் விடிய விடிய வாசிப்போம்.

இந்தப் பழக்கம் ஒன்று வந்துவிட்டால், அது சயாமோடு நிற்காது. நாளை எந்த ஊரில் வெள்ளம் வந்தாலும், எந்த மலை சரிந்தாலும், முதல் வாரத்துக் கண்ணீரோடு ஓடிப்போகாமல், பெயரெழுதி வைத்து, ஐந்தாம் ஆண்டும் பத்தாம் ஆண்டும் போய்க் கேட்கும் சமூகமாவோம். பெயர் கையில் இருந்தால் நியாயம் கேட்கலாம், கணக்குக் கேட்கலாம், வீடும் நிலமும் கேட்கலாம். வெறுங்கண்ணீரைக் காட்டி இதுவரை எவரும் எதையும் வாங்கியதில்லை.

பிணத்தை நாம் மீட்கமுடியாது. காடு தின்றுவிட்டது; பாதையில் ஒரு பகுதியை அணைநீரும் மூடிவிட்டது. பெயரை மீட்கமுடியும். பெரட்டில் அன்றொருநாள் காலை அவர்கள் பெயர் கடைசியாகக் கூப்பிடப்பட்டது. மறுபடியும் கூப்பிடவேண்டியவர் நீங்களே. நோட்டை எடுங்கள்.